மாற்று வேட்பாளர் கண்ணாடிக்காரர்

கண்ணாடிக்காரருக்குப் பத்து விரலும் முழுசாக மிஞ்சியிருந்ததற்குப் பயம்தான் காரணம். ஜன்னலுக்கும் கதவுக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்தும் தொழிலில் தைரியசாலிகள் எல்லாருக்கும் எங்காவது ஒரு நுனி குறைந்திருக்கும். இவரோ பழைய சைக்கிள் ட்யூபைத் துண்டு போட்டு இரண்டு உள்ளங்கைக்கும் மாட்டிக்கொள்ளாமல் ஒரு தகட்டைத் தொடமாட்டார். வெட்டுவதற்கு முன் மூன்று தடவை அளப்பார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு அவளையும் ஒரு தடவை அளக்கச் சொல்வார்.

தொழிலோடு நின்றால் பரவாயில்லை. கதவைத் தட்டினால் அவருக்குப் பயம், தட்டாமல் உள்ளே வந்தால் அதைவிடப் பயம். டாக்டரிடம் போனால் வியாதியை விட்டுவிட்டு டாக்டருக்குப் பயப்படுவார். "எங்க வீட்டுக்காரர் அவரோட நிழலப் பாத்தாலே ஒரு வணக்கம் சொல்லிட்டுத்தான் தாண்டுவார்" என்று மனைவி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். கடையில் கை இவருடையது, வாய் மனைவியுடையது. விலை பேசுவது, கடன் கேட்பவர்களை விரட்டுவது, லாரிக்காரனோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அவள் வேலை. கடைக்கு மேலேயே வீடு. கல்லூரிக்குப் போகும் ஒரே மகள். குடும்பம் அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனிதர் எப்படி நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார் என்று கேட்டால், கல்லெறிந்து கூப்பிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கடைவீதியில் ஆளுங்கட்சி அலுவலகத்துக்குத் தெருவைப் பார்த்தபடி பெரிய பெரிய ஜன்னல்கள். தேர்தலில் கட்சி ஜெயித்தால் எதிர்க்கட்சிக்காரர்கள் கல்லெறிவார்கள். தோற்றால் சொந்தக் கட்சிக்காரர்களே எறிவார்கள். எப்படிப் பார்த்தாலும் மறுநாள் காலையில் கண்ணாடிக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்க வேண்டும். போகப்போக அவரையும் கட்சிக்காரர் என்றே ஊர் நினைத்துக்கொண்டது. இல்லை என்று சொல்ல அவருக்குப் பயம்.

அந்த அலுவலகத்துக்கு ராஜா, அண்ணன். ஊரில் எல்லாருக்கும் அண்ணன், வயதில் மூத்தவர்களுக்குக்கூட. நான்கு தேர்தலில் நின்று மூன்றில் ஜெயித்தவர். முதல் தடவை மயிரிழையில் தப்பினார். இரண்டாம் தடவை அலையோடு அலையாக வந்தார். மூன்றாம் தடவை தோற்றார், எண்ணிக்கையே சரியில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். நான்காம் தடவை எதிராளியின் மைத்துனனையே தன் பக்கம் இழுத்துவந்து ஜெயித்தார். அவர் நாடாளுமன்றத்தில் பேசியதைவிட நாடாளுமன்றத்தைப் பற்றி ஊரில் பேசியதுதான் அதிகம்.

வேட்புமனு கொடுக்கும்போது கூடவே ஒரு மாற்று வேட்பாளரையும் மனுப் போட வைப்பது கட்சிகளின் வழக்கம். அசல் ஆளின் மனு ஏதாவது கோளாறால் தள்ளுபடியானால் மாற்று ஆள் நிற்பார். கோளாறு இல்லையென்றால் அவர் மனு தானாக உதிர்ந்துவிடும். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உதிரியாக ஒரு மாப்பிள்ளையை உட்கார வைத்த மாதிரி. இந்த உதிரி மாப்பிள்ளைகளால் அண்ணன் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு தடவை தம்பியைப் போட்டார், தம்பி வீட்டில் பேச்சுப் பழக ஆரம்பித்துவிட்டான். இன்னொரு தடவை வக்கீலைப் போட்டார், வக்கீல் அண்ணனின் மனுவில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். ஐந்தாம் தேர்தலுக்கு யாரைப் போடுவது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, அவருடைய அறையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஜன்னலுக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் கண்ணில் பட்டார்.

"யோவ் கண்ணாடி, உனக்கு ஓட்டு இருக்காய்யா?"

"இருக்குண்ணே. உங்களுக்குத்தாண்ணே போட்டேன்."

"அத யார் கேட்டா? நாளைக்கு எங்கூட வந்து ஒரு கையெழுத்துப் போடு."

"எதுக்குண்ணே?"

"சும்மாதான்யா."

மாட்டேன் என்று சொல்லப் பயந்து கண்ணாடிக்காரர் சரி என்றார். வாழ்க்கையில் அவர் சரி என்ற எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம், தன்னைக் கட்டிக்கொண்டது உள்பட என்பாள் மனைவி.

மனுக்களைப் பரிசீலிக்கும் நாளில்தான் வினை வந்தது. அண்ணனுக்கு ஓர் உதவியாளர் உண்டு. பல வருஷங்களாகச் சிபாரிசுக் கடிதம், வாழ்த்துக் கடிதம், இரங்கல் கடிதம் எல்லாவற்றிலும் அண்ணனின் கையெழுத்தைப் போடுவது அவர்தான். அந்தப் பழக்கத்தில், வேட்புமனுக் கட்டு மேஜைக்கு வந்ததும் அதிலும் அவரே போட்டுத் தள்ளிவிட்டார். அண்ணனும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அது அண்ணன் கையெழுத்து மாதிரியேதான் இருந்தது. ஆனால் தேர்தல் அதிகாரிக்கு முன்னால் உறுதிமொழி எடுத்தபோது அண்ணன் சொந்தக் கையால் போட வேண்டியதாயிற்று. எதிர்க்கட்சி வக்கீல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் நான் போட்டதுதான்" என்றார் அண்ணன்.

தேர்தல் அதிகாரி ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பெண். அண்ணனை அண்ணன் என்று கூப்பிடாத ஒரே ஆள். "அப்ப இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க சார்" என்று ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போட்டார். அது முதல் கையெழுத்தோடும் ஒட்டவில்லை, இரண்டாவதோடும் ஒட்டவில்லை. மூன்றாவதாக ஒரு புது ஆள் போட்ட மாதிரி இருந்தது. மனு தள்ளுபடி.

அடுத்த மனு கண்ணாடிக்காரருடையது. அவருக்குக் கையெழுத்துப் போட உதவியாளர் யாரும் கிடையாது. ஒவ்வோர் எழுத்தாக அளந்து அளந்து அவரே போட்டிருந்தார். அதிகாரி பார்த்தார், ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். கதவோரம் நின்றிருந்த கண்ணாடிக்காரர் அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தார்.

"அம்மா, நான் கிளம்பலாங்களா? கடையில ஆள் காத்திருக்கும்."

"எங்க கிளம்புறீங்க? இந்தத் தொகுதியில உங்க கட்சிக்கு இப்ப நீங்கதான் வேட்பாளர்."

 கண்ணாடிக்காரர் திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் இவரையே முறைத்துக்கொண்டிருந்தார். தப்பு யாருடையதாக இருந்தால் என்ன, அதற்கு யார் மேல் கோபம் வரும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

அன்று மத்தியானமே அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "நீ நில்லு. நம்ம சின்னம் இருக்கு, ஜெயிச்சுருவ. ஜெயிச்ச கையோட ராஜினாமா பண்ணிடு. இடைத்தேர்தல் வரும், நான் நிப்பேன். புரியுதா?"

"புரியுதுண்ணே."

"அப்புறம் மாத்திப் பேசினா?"

"எனக்குப் பேசவே வராதேண்ணே, எங்க மாத்திப் பேச?"

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

பிரசாரத்தில் அண்ணன் ஜீப்பில் நின்று பேசினார், கண்ணாடிக்காரர் பக்கத்தில் கும்பிட்டபடி நின்றார். சுவரொட்டியில் அண்ணன் ஆளுயரத்துக்கு இருந்தார், வேட்பாளர் தபால்தலை அளவில் கீழே ஒரு மூலையில். எண்ணி முடித்தபோது கண்ணாடிக்காரர் ஜெயித்திருந்தார். அது மட்டும் என்றால் பரவாயில்லை. அண்ணன் நான்கு தேர்தலில் எதிலும் வாங்காத அளவு வாக்கு வாங்கியிருந்தார். வாயைத் திறக்காத ஒரு வேட்பாளரை ஜனங்கள் அப்போதுதான் முதல் முதலாகப் பார்த்தார்கள் போலிருக்கிறது. வழக்கம்போல அலுவலக ஜன்னல்கள் உடைந்தன. பழக்க தோஷத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு அளக்க ஓடிய எம்.பி.யைத் தொண்டர்கள் அப்படியே தோளில் தூக்கிக்கொண்டார்கள். மேலேயிருந்து பார்த்தபோது கூட்டத்தில் அண்ணனின் முகம் மட்டும் கல்லாக இருந்தது. இறக்கி விடுங்கப்பா என்று இவர் கத்தினார், சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

தலைநகரில் இறங்கியதும் அவர் செய்த முதல் காரியம் கட்சியின் கொறடாவைத் தேடிப் போனது. யார் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று உறுப்பினர்களை மேய்ப்பவர்தான் கொறடா. அவருடைய அறையில் பெரிய மேஜை. ஒவ்வொரு பக்கமும் யாராவது நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஐயா, நான் ராஜினாமா பண்ணணுங்க."

கொறடா மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் உக்காரவே இல்ல, அதுக்குள்ள எழுந்திருக்கிறீங்களா? நமக்கும் அவங்களுக்கும் விரல் விட்டு எண்ணுற வித்தியாசங்க. ஒரு தலை குறைஞ்சா அரசு ஆடும். போய்ப் பேசாம உக்காருங்க."

"அண்ணன் கோவிச்சுக்குவாருங்க."

"உங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் பேசவே இல்லை. அண்ணன்தான் தொலைபேசியில் பேசினார். "என்னய்யா, பதவி ருசி கண்டுட்டியா?"

"ஐயோ அண்ணே, எனக்கு இங்க சாப்பாடே இறங்கல. விட மாட்டேங்கிறாங்க."

"நடிக்காத" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்த நடுக்கம் கண்ணாடிக்காரருக்கு அப்புறம் நிற்கவில்லை.

சபையில் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. சபாநாயகரின் பார்வை தூணைத் தாண்டி வரும்போதெல்லாம் குனிந்து செருப்பைச் சரிசெய்வார். பக்கத்து இருக்கைக்காரர் பல தேர்தல் கண்ட கிழவர். அவர் மேஜையைத் தட்டினால் இவரும் தட்டுவார், அவர் எழுந்தால் இவரும் எழுவார். கிழவர் தூங்கிவிட்டால் இவருக்கு அன்றைக்குத் திண்டாட்டம்தான். பதவியேற்பு உறுதிமொழியைத் தவிர அவர் குரல் அந்தச் சபையில் கேட்டதே இல்லை. உறுதிமொழியும் பாதிதான் கேட்டது.

வருஷம் ஒன்று ஓடியது. ராஜினாமாவை எதிர்பார்த்து எதிர்பார்த்து அலுத்துப்போன அண்ணன், ஒருநாள் எதிர்க்கட்சியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதே வாரம் அரசின்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அரசு கவிழ்ந்தால் மறுபடி பொதுத் தேர்தல் வரும், அண்ணனுக்கு அந்தப் பக்கம் சீட்டு தயாராக இருந்தது. கணக்கு அவ்வளவு எளிமையானது.

மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஏங்க, அண்ணனோட ஆள் ஒருத்தர் வந்து நம்ம கடையில உக்காந்திருக்கார்."

"எதுக்கு?"

"கேட்டேன். சும்மாதான் தங்கச்சின்னார்."

"என்ன பண்றார்?"

"உக்காந்திருக்கார். தண்ணி கேட்டார், குடுத்தேன். ஷட்டர் இழுக்குற வரைக்கும் உக்காந்திருந்துட்டுப் போனார்."

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.  கடையில் சுவரோரம் நாலு பக்கமும் ஆளுயரக் கண்ணாடித் தகடுகள் சாய்ந்து நிற்கும். நடுவில் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் காலை நீட்டினால் போதும். போலீசுக்குப் போகலாம் என்றால் இன்ஸ்பெக்டரை அந்த ஊருக்குக் கொண்டுவந்ததே அண்ணன்தான். போனாலும் என்னவென்று புகார் கொடுப்பது? ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்றா?

"கடையச் சாத்திட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிடேன்" என்று கெஞ்சினார் கண்ணாடிக்காரர்.

"அங்கயும் வந்து உக்காருவார். உக்காந்தா உக்காந்துட்டுப் போறார், விடுங்க. ஸ்டூல் என்ன தேஞ்சா போயிடும்?" என்று சிரித்தாள் மனைவி. அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கொஞ்சம் மூச்சு வந்தது. இவளுக்கு எங்கிருந்துதான் இந்தத் துணிச்சலோ என்று வழக்கம்போல ஆச்சரியப்பட்டார். பிறகு அவளே குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு ஒண்ணு கேட்டார். பாப்பா எந்த பஸ்ல காலேஜுக்குப் போகுதுன்னார்" என்றாள்.

"நீ சொல்லிட்டியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? வாயே தொறக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"எந்த பஸ்ஸு, எங்க ஏறுறா, எங்க எறங்குறா. எல்லாம் சரியாச் சொன்னார்."

கண்ணாடிக்காரர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.  இதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கதவுக்கும் டாக்டருக்கும் பயந்ததெல்லாம் விளையாட்டு. அவர் மகள் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் தெரியாது.

அன்றே அண்ணனும் பேசினார், ரொம்ப அன்பாக. "ஒண்ணும் கஷ்டமான வேலை இல்லய்யா. நாளான்னைக்கு உன் பேரக் கூப்பிடுவாங்க. அரசை ஆதரிக்கிறியான்னு கேப்பாங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நம்ம ஆள் எழுந்து அவர் வீட்டுக்குப் போயிடுவார்."

சொல்லிவிடுவது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பதவி போனால் தலைமுழுகினது மாதிரி, ஆளை விட்டால் போதும். ஆனால் ஒரு மணி நேரத்தில் கட்சி வண்டி வந்து உறுப்பினர்கள் எல்லாரையும் அள்ளிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு விருந்தினர் மாளிகைக்குப் போயிற்று. எதிர்ப்பக்கம் யாரும் விலை பேசிவிடாமல் இருக்க இந்தக் காவல். கதவருகே ஒரு கூடையை வைத்துத் தொலைபேசிகளை வாங்கிக்கொண்டார்கள். சாப்பாடு, பாட்டு, சீட்டாட்டம் எல்லாம் உண்டு. வெளியே போக மட்டும் முடியாது. மற்றவர்கள் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி சீட்டைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் கொறடாவின் பின்னாலேயே அலைந்தார்.

"ஐயா, வீட்டுக்கு ஒரே ஒரு போன் போட்டுக்கிறேங்க. கடையில ஒருத்தர் வந்து உக்காந்திருக்கார்."

"வியாபாரம் நடக்குதுன்னு சந்தோஷப்படுங்க."

"வியாபாரத்துக்கு வரலீங்க. அண்ணன் ஆளு."

 கொறடாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடிக்காரரின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். "வீட்டுல யார் யார் இருக்காங்க?"

"சம்சாரமும் பொண்ணும்."

"பாத்தீங்களா, பொம்பளைங்க மட்டும் தனியா இருக்காங்க. நம்ம கட்சிக்காரங்களும் கோவக்காரங்கதான், தெரியுமில்ல? நீங்க காலை வாரிவிட்டீங்கன்னு தெரிஞ்சா அவங்கள யார் அடக்குறது? என்னால முடியாது. யோசிச்சு ஓட்டுப் போடுங்க."

அதையும் அன்பாகத்தான் சொன்னார். அப்புறம் இரண்டு நாள் கண்ணாடிக்காரர் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. ஆம் என்றால் ஸ்டூலில் இருப்பவர் காலை நீட்டுவார். இல்லை என்றால் அவர் போவார், அந்த ஸ்டூலுக்குச் சொந்தக் கட்சியிலிருந்து வேறு யாரோ வருவார்கள். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவருக்கு வந்து முடிகிற இடம் மகளுடைய பஸ்தான். நெஞ்சுவலி என்று படுத்துவிடலாமா என்றுகூட நினைத்தார். போன மாதம் ஓர் உறுப்பினரை ஸ்ட்ரெச்சரோடு கொண்டுவந்து வாக்குப் போட வைத்தது ஞாபகம் வந்தது.

வாக்கெடுப்பு நாளில் சபை நிரம்பி வழிந்தது. தேசம் முழுக்கத் தொலைக்காட்சியில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். கூப்பிடப்பட்டவர் எழுந்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சிலர் மார்பை நிமிர்த்திச் சொன்னார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். பக்கத்துக் கிழவர் ஆம் என்று கொட்டாவியோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து இவர் பெயர்.

எழுந்தார். அவருக்கு முன்னால் இருந்த மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. முன் வரிசையிலிருந்து கொறடா திரும்பிப் பார்த்தார். எதிர்வரிசையில் அண்ணனின் புதுக் கூட்டாளிகள் புன்னகையோடு பார்த்தார்கள்.

"உறுப்பினர் தமது வாக்கைச் சொல்லலாம்" என்றார் சபாநாயகர்.

"என் கடையில ஒருத்தர் உக்காந்திருக்காருங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

சபையே சிரித்தது. சபாநாயகரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆம் அல்லது இல்லை மட்டும் சொல்லவும்" என்றார்.

"எனக்குப் பயமா இருக்குங்க." குரல் கிறீச்சிட்டது, ஆனால் நிற்கவில்லை. அதை நிறுத்தும் சக்தியும் அவருக்கு இல்லை. "எம் பொண்ணு எந்த பஸ்ல ஏறுறா, எங்க எறங்குறான்னு சொல்றார். நான் இங்க இல்லைன்னு சொன்னாத்தான் எழுந்து போவாராம். அப்படிச் சொன்னா எங்க ஆளுங்களும் வீட்டுக்கு வருவாங்களாம். ரெண்டு பக்கமும் வீட்டுல யார் இருக்காங்கன்னுதான் கேக்குறாங்க. நான் என்னங்க பண்றது? மொதல்ல அவர எழுந்து போகச் சொல்லுங்க. அப்புறம் நீங்க எதக் கேட்டாலும் சொல்றேன். அவர எழுந்து போகச் சொல்லுங்க."

சிரிப்பு பாதியிலேயே அறுந்துவிட்டது. நிறையப் பேர் தங்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டார்கள். கிழவர் தூக்கம் கலைந்து இவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார், பிறகு என்ன நினைத்தாரோ விட்டுவிட்டார். அந்தச் சபையில் எத்தனை பேர் வீட்டில் யார் யார் உட்கார்ந்திருந்தார்களோ, யார் கண்டது? சபாநாயகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

இதற்கப்புறம் நடந்ததெல்லாம் செய்தித்தாளில் வந்ததுதான். அவர் வாக்கு இல்லாமலே அரசு பிழைத்துக்கொண்டது. கட்சி அவரை நீக்கியது, கொறடா சொன்னபடி வாக்களிக்காததால் பதவியும் போயிற்று. இடைத்தேர்தலில் அண்ணன் எதிர்ப்பக்கம் நின்றார், எல்லாத் தாளிலும் சொந்தக் கையாலேயே கையெழுத்துப் போட்டார், தோற்றார். கடையில் வந்து உட்கார்ந்த ஆளை யாரென்றே தெரியாது என்று அண்ணன் சொன்னதை ஊரில் சின்னக் குழந்தைகூட நம்பவில்லை. இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லுவார்கள். செய்தித்தாளில் வராதது தாழ்வாரத்தில் நடந்தது.

கண்ணாடிக்காரர் சபையிலிருந்து வெளியே எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். தாழ்வாரத்தில் சீருடையோடு ஒரு காவலர் பெண் நின்றிருந்தாள். "அம்மா, ஒரு போன் பேசணும். தயவு பண்ணும்மா" என்று கையைக் கூப்பினார். அவள் உள்ளே நடந்ததைத் திரையில் பார்த்திருந்தாள். மறுபேச்சு பேசாமல் தன் தொலைபேசியை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல எண்ணை அவளே அழுத்திக் கொடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.  பேசிக் கெடுத்துவிட்டோமே, பேசிக் கெடுத்துவிட்டோமே என்று வாய்விட்டே சொன்னார்.

"அலோ" என்றாள் மனைவி.

"அவர் இருக்காரா?"

"இல்லங்க. போயிட்டார்."

"என்ன பண்ணினார்? கண்ணாடியத் தள்ளினாரா?"

"ஒண்ணும் பண்ணல. எதுத்த டீக்கடை டிவியில நீங்க பேசினீங்க. எல்லாரும் கேட்டாங்க. அப்புறம் எல்லாரும் திரும்பி நம்ம கடையப் பாத்தாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கலீங்க, சும்மா பாத்தாங்க. சலூன்காரர் கத்திய வச்சுக்கிட்டே வாசல்ல வந்து நின்னுட்டார், பின்னாலயே ஒருத்தர் பாதி முகம் நுரையோட. பஸ் ஸ்டாப்ல நின்னவங்கல்லாம் வந்துட்டாங்க. அவர் கொஞ்ச நேரம் செல்போன நோண்டினார். அப்புறம் தலையக் குனிஞ்சுக்கிட்டே எழுந்து போயிட்டார்."

"பாப்பா? காலேஜ் விட்டு வந்துட்டாளா?"

"அவ எங்க போனா? அன்னைலேருந்து நான் அனுப்பவே இல்ல. மாடி ரூம்ல வச்சுப் பூட்டியிருக்கேன். சாவி என் இடுப்புலதான் இருக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க அங்கயே செத்துருப்பீங்க" என்றாள். அதற்கப்புறம் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்று கண்ணாடிக்காரருக்கு முதலில் பிடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் அழுது அவர் கேட்டதில்லை. "எனக்கு ரொம்பப் பயமா இருந்துதுங்க" என்றாள். "ஸ்டூலப் பாக்கவே பயமா இருந்துது. நீங்க வேற பயந்துக்கிட்டே இருந்தீங்களா, நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

உள்ளே மணி அடித்தது, கைதட்டல் கேட்டது. காவலர் பெண் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஐயா, உங்க பக்கம் ஜெயிச்சுட்டாங்களாம்" என்றாள்.

"எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

தொலைபேசியில் அழுகை இன்னும் நிற்கவில்லை. பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தார். பிறந்ததிலிருந்து எத்தனையோ பேர் அவரிடம் சொன்ன வார்த்தை அது. அதைக் கேட்டு ஒரு தடவைகூட அவருக்குப் பயம் போனதில்லை. அதனால் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கும் இன்னும் போகலம்மா" என்றார். "நீ போன வைக்காத. மேல போய்ப் பூட்டத் தொறந்து பாப்பாவையும் பக்கத்துல வச்சுக்கோ. நான் வந்து சேர்ற வரைக்கும் மூணு பேருமாப் பயந்துக்கலாம்."